பூஜையில் இருந்த மேஜை

மேஜைப் பலகையைத் துணி போட்டு மூட வேண்டாம் என்றுதான் தச்சர் வேதமாணிக்கம் சொன்னார். அதன்மேல் பூஜை வைக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. யார் கேட்டாலும் இதை நான் முதலில் சொல்லிவிடுவேன். என்மேல் பழி போட இந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள், மூன்றாவதாக நானும் போய்ச் சேர முடியாது.

என் பெயர் வாலாம்பாள். தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து, "வரிசையில நில்லுங்கோ" என்று கத்தியே ஓய்வு பெற்றவள். மலையாளம் பேசுகிற ஊரில், கிழக்கேகோட்டையில், கோட்டைக்குள் இருக்கிற அக்ரஹாரத் தெருவில் எங்கள் வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு, நடுவில் முற்றம். முற்றத்துக்கு மேலே மழைக்காகக் கம்பியும் கண்ணாடியும் போட்டிருக்கிறோம். வீட்டில் நானும் என் வீட்டுக்காரர் அனந்தபத்மநாபனும் மகள் ஸ்மிதாவும். மேஜை ஸ்மிதாவுடையது.

ஸ்மிதாவைப் பற்றிச் சொல்லாமல் மேஜையைப் பற்றிச் சொல்ல முடியாது. கழக்கூட்டம் என்கிற இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். ஒரு நாள் காலையில் அவளுடைய பிரிவையே மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் எத்தனையோ இன்டர்வியூ. சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள், சொல்லி அனுப்ப மாட்டார்கள். ஒரு கட்டத்தில் மாடி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவள், ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிடவும் குளிக்கவும் மட்டும்தான் இறங்கி வந்தாள். நான் முதலில் அதட்டினேன். அப்புறம் கெஞ்சினேன். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் பேசிப் பேசி ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். அது கொஞ்சம் கொஞ்சமாகப் பலன் கொடுத்தது. ஆனாலும் அந்தத் தாழ்ப்பாள் விழும் சத்தம் இருக்கிறதே, அது கேட்கும்போதெல்லாம் செய்கிற வேலையை விட்டுவிட்டு மாடிப்படியடியில் போய் நிற்பேன்.

எங்கள் ஊரில் நவராத்திரி அஷ்டமி சாயங்காலம் பூஜை வைப்பு. அவரவர் தொழிலுக்கான பொருளையும் படிக்கிற புத்தகத்தையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். வைத்தால் வைத்ததுதான். விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. படிப்பும் கிடையாது, வேலையும் கிடையாது. போன வருஷம் நான் மாடி ஏறிப்போய்க் கதவைத் தட்டி, "என்னடி வெக்கறே?" என்று கேட்டேன்.

"வெக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா" என்றாள் உள்ளேயிருந்து.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி சொன்னாள். நான் சமையல்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இந்த வருஷம் ஆவணியில் அவளுக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு வந்தால் இங்கிருந்து ஃபோனில் பேசிச் சரிசெய்கிற வேலை. சாயங்காலம் தொடங்கி அர்த்தராத்திரி தாண்டிப் போகும். கொச்சி ஆபீசுக்குப் போய்ச் செய்யலாம், வீட்டில் இருந்தும் செய்யலாம். வீட்டில் என்றால் தனி அறையும் ஒழுங்கான மேஜையும் இருப்பதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். விஜயதசமி சாயங்காலத்துக்குள் படம் போக வேண்டும், மறுநாள் வேலை தொடக்கம்.

அவள் வீடு என்றே சொன்னாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கே பால் பாயசம் வைத்தேன். பாயசத்தைக் குடித்துக்கொண்டே அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அம்மா, அந்த ரூம்ல எது எங்க இருக்கணும்னு நான்தான் தீர்மானிப்பேன். நீ கைய வெக்கப்படாது."

"நான் எங்கடி கைய வெக்கறேன்?"

"அம்மா."

"சரி சரி, வெக்கலை."

"வெச்சா நான் கொச்சிக்குப் போய்டுவேன், கேட்டியா? அங்க எனக்கு சீட் இருக்கு. நிஜமாத்தான் சொல்றேன்."

கொச்சி ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை. வேறு யாராவது போனால் நானே புளியோதரை கட்டிக் கொடுத்து ரயிலேற்றிவிடுவேன். ஆனால் இவள் இப்போதுதான் எழுந்து நிற்கிறாள். அங்கே ஏதோ ஒரு ஹாஸ்டலில் மறுபடியும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டால், வந்து கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்? அந்த ஒரு நினைப்பில்தான் என் வாயைக் கட்டினேன். என் வாயைக் கட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மேஜையும் அலமாரிகளும் எப்படி வர வேண்டும் என்று ஸ்மிதாவே கம்ப்யூட்டரில் வரைந்தாள். ஜன்னலை ஒட்டி எல் மாதிரி வளையும் மேஜை, வயர்கள் தெரியாமல் உள்ளே போக ஒரு பாதை, சத்தமில்லாமல் மூடும் இழுப்பறைகள், சுவரில் மூன்று பெட்டி அலமாரி. மாடிப்படி குறுகல், அதனால் எந்தத் துண்டு எந்த அளவில் மேலே ஏறும் என்பதைக்கூட அளந்து வைத்திருந்தாள். செய்வதற்கு வந்தவர் வேதமாணிக்கம். மார்த்தாண்டத்துக்காரர், கரமனையில் பட்டறை. கை நிற்கும்போதுகூட வாய் நிற்காது. அவர்தான் அவளை வெளிநாட்டு மரம் விற்கும் டிப்போவுக்கு அழைத்துப் போனார். பத்துவிதப் பலகைகளுக்கு நடுவில் ஒன்றைத் தொட்டு, "இதுதான்" என்று சொல்லிவிட்டாள். தென்னமெரிக்க மரம், பர்ப்பிள் ஹார்ட் என்று பெயர். ஞாவல்பழ ஊதா நிறம். பெட்டிகளுக்கு ப்ளைவுட், கண்ணில் படுகிற முகப்புகளும் மேஜைப் பலகையும் மட்டும் இந்த மரம் என்று முடிவாயிற்று.

பலகை வீட்டுக்கு வந்து, முற்றத்தில் வைத்து அறுத்து இழைத்தபோது பார்த்தால், உள்ளே சாம்பல் பூத்த பழுப்பு. எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"வேதமாணிக்கம், இதென்ன மரம்? நாங்க கேட்டது ஊதா. இது காஞ்ச பலாக்கட்டை மாதிரின்னா இருக்கு! யாரை ஏமாத்தறேள்?"

"எம்மா, செத்த பொறுங்க. அறுத்த ஒடனே இப்பிடித்தான் இருக்கும். காத்தும் வெயிலும் பட்டாத்தான் நெறம் கேறும்லா."

"மரத்துக்கு வெயில் பட்டா கறுக்கும், சிவக்குமா?"

"இது செவக்கும். நாலு நாளு கழிஞ்சு பாத்துட்டு என்ன ஏசுங்க."

சொன்னபடியே மாடியில் பொருத்தின இழுப்பறை முகப்புகள் ஜன்னல் வெளிச்சத்தில் நாளுக்கு நாள் ஊதாவாக மாறின. இழைக்க மாட்டேன் என்று அது செய்த அடம் தனி. "இது மரமா, தண்டவாளமா" என்று வேதமாணிக்கம் அரை மணிக்கொரு தரம் உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். ஸ்மிதா தினமும் காலையில் எழுந்து முதல் வேலையாக நிறத்தைப் போய்ப் பார்த்தாள். அவள் எதையாவது பார்க்கவென்று எழுந்து போய் எத்தனை நாளாயிற்று! என் வீட்டுக்காரர் அந்த அறைக்குக் கத்திரிக்கா ஆபீஸ் என்று பெயர் வைத்தார். அவளும் சிரித்தாள்.

கடைசியாக மேஜைப் பலகை மட்டும் பாக்கி. அஷ்டமியன்று மத்தியானம் அதை முற்றத்தில் இரண்டு மரக்கால்கள் மேல் வைத்து, இழைத்து, உப்புத்தாள் போட்டு, பட்டு மாதிரி ஆக்கினார். "இனி வெயிலு காயட்டும். துணி ஒண்ணும் போட்டு மூடாதிய, தொறந்தே கெடக்கட்டும். விஜயதசமிக்குக் காலம்பற வந்து எண்ணெய் போட்டு மேல ஏத்தித் தாறேன்" என்றார். இந்த வருஷம் திதி தள்ளி, பூஜைக்கு நடுவில் ஒரு நாள் கூடுதல். "வேலை இல்லாத நாளு, நானும் ஊருக்குப் போயிட்டு வாறேன்" என்றும் சொன்னார். அவர் கிறிஸ்தவர். ஆனாலும் நான் விடுவேனா? வீட்டுக்குள் இருக்கிற ஆயுதத்தைப் பூஜையில் வைக்காமல் எப்படி? "வச்சிக்கிடுங்கம்மா, அதுக்கும் ஒரு ரெஸ்ட் ஆச்சு" என்று இழைப்புளியையும் உளிகளையும் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கூடம் முழுக்கக் கொலுப்படி. பூஜை அறையில் ஒருத்தர் நின்றால் இன்னொருத்தர் வெளியே. இழைப்புளி, உளிகள், மூலைமட்டம், என் வீட்டுக்காரருடைய பஜனை ஜால்ரா, புத்தக அடுக்கு, என் தபால் ஆபீஸ் பேனா. இதையெல்லாம் எங்கே வைப்பேன்? ஆயுதத்தைத் தரையில் வைக்க முடியுமா? முற்றத்தில் புதுப் பலகை, கல்யாண மணை மாதிரி தகதகவென்று கிடக்கிறது. வைத்துவிட்டேன். துடைத்து, கோலம் போடாமல், துணியும் விரிக்காமல்தான் வைத்தேன். சரஸ்வதி படத்தை நடுவில் சாய்த்து, சுற்றி எல்லாவற்றையும் அடுக்கிப் பூ போட்டேன். நிறம் வர வெயில் வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் விளக்கு, சுண்டல், யார் யாருக்கு வெற்றிலை பாக்கு என்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் அங்கே வரவே இல்லை.

விளக்கேற்றும் நேரத்தில் ஸ்மிதா இறங்கி வந்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இது என்னோட டேபிள்."

"சரஸ்வதி உக்காந்து எழுந்த மேஜையில வேலை பண்ண உனக்குக் கசக்கறதா?"

"ப்ராமிஸ் பண்ணினே."

"ரூம்ல கைய வெக்கப்படாதுன்னுதானே சொன்னே? இது முத்தம்."

அவள் அப்பா பின்னாலிருந்து, "பதில் தயார் பண்ணி வெச்சுண்டுதான் உங்கம்மா தப்பே பண்ணுவா" என்றார். "சரி, இந்த ஒரு தடவை" என்று ஸ்மிதா தன் கையில் இருந்ததை எடுத்தாள். கம்பெனி அனுப்பின ஹெட்செட், தலையில் மாட்டிக்கொண்டு பேசுகிறார்களே, அது. பலகையின் ஓரமாக, ஒரு மூலையில், மற்ற எதையும் இடிக்காமல் வைத்தாள். வைத்துவிட்டு நமஸ்காரம் பண்ணினாள்.

போன வருஷம் ஒன்றும் இல்லை என்று சொன்னவள்! அந்த ஹெட்செட்டின் மேல் நானே ஒரு செத்திப்பூங்கொத்தை எடுத்து வைத்தேன்.

மறுநாள் பளீரென்று வெயில். மழைக்கால நடுவில் அப்படி ஒரு வெயிலைப் பார்த்தால் எல்லோருக்கும் சந்தோஷம் வரும். எனக்கும் வந்தது, அதற்கு அடுத்த நாள் மத்தியானம்வரை. பழைய பூவை மாற்றலாம், அது பூஜைக்குக் குறைவில்லை. அப்படி மாற்றும்போது, பலகையின் மேல் படத்திலிருந்து தானாக விழுந்து கிடந்த செம்பருத்தி ஒன்றை எடுத்தேன். எடுத்த இடத்தில் இன்னொரு செம்பருத்தி இருந்தது.

துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன், பூஜைப் பலகையில் எச்சில், பாருங்கள் என் புத்தியை. அப்போதும் போகவில்லை. பலகை எல்லாம் ஊதாவாகிவிட்டது. பூ கிடந்த இடம் மட்டும் இதழ் இதழாகப் பழுப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. குனிந்து இழைப்புளியின் ஓரத்தைப் பார்த்தேன். நிழல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. உளி, மூலைமட்டம், ஜால்ரா, எல்லாவற்றின் அடியிலும் மரம் பழையபடியே இருக்கிறது. வெளியே சிவந்துகொண்டே போகிறது.

"ஏன்னா! இங்க வாங்கோ!"

அவர் வந்தார், பார்த்தார். "எடுத்து வேற எங்கயாவது வெச்சுடேன்" என்றார்.

"பூஜையில வெச்சதைப் பாதியில எடுக்கறதா? அதுவும் இந்த வருஷம்? அவ தொடங்கறதுக்கு முன்னாடியே முடக்கறதா?"

"அப்போ எடுக்காதே."

"எடுக்கலைன்னா மேஜை போச்சு!"

"அப்போ எடு."

இப்படிப்பட்ட மனுஷரிடம் யோசனை கேட்ட என்னைச் சொல்ல வேண்டும். வேதமாணிக்கத்துக்கு ஃபோன் போட்டேன். கேட்டுவிட்டு அவர் அலறினார். "எம்மா! தொறந்து வையுங்கன்னு பறஞ்சேன். கட தொறந்து வையுங்கன்னா பறஞ்சேன்?" அப்புறம் அவரே மனமிரங்கி, காலையில் வந்து இரண்டு இழுப்பு இழைத்துவிட்டால் அடையாளம் போய்விடும் என்றார். ஆனால் நிறமும் சேர்ந்து போய்விடும். மறுபடியும் சாம்பல், மறுபடியும் பல நாள் வெயில். விஜயதசமி சாயங்காலம் படம் அனுப்ப வேண்டுமே!

இனிமேலாவது வெயில் படாமல் இருந்தால் அடையாளம் இன்னும் ஆழமாகாது என்று தோன்றியது. பலகை மேல் துணி போட்டால் ஆயுதங்களைத் தொட வேண்டியிருக்கும். என் வீட்டுக்காரரின் எட்டுமுழ வேஷ்டியை மேலே கம்பியில் கட்டப் பார்த்தேன், எட்டவில்லை. கடைசியில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். அவர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "கோவில்ல ஸ்ரீபலிக்கு சாமி எழுந்தருளுறப்போ குடை பிடிக்கறாளே, அதுக்கு உன்னைக் கூப்பிடலாம்" என்றார். அவரை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்மிதா காப்பிக்கு இறங்கி வந்தாள்.

"அம்மா, வீட்டுக்குள்ள எதுக்குக் குடை?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவள் கிட்டே வந்தாள். செம்பருத்தி அடையாளத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"நான்தான் வெச்சேன். வேற யார் வெப்பா இந்த வீட்டில?" என்றேன். "நாளைக்கு வேதமாணிக்கம் வந்து..."

"ஒரே ஒரு விஷயம்மா. ஒரே ஒரு விஷயம் நான் கேட்டேன். இந்த அழுக்கு டேபிளையா நான் ஃபோட்டோ எடுத்து அனுப்பறது?" குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குப் பயம். "மதி, போதும்மா. நான் கொச்சிக்கே போறேன்."

மாடி ஏறிப் போனாள். கதவு சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஒரு வருஷம் கேட்ட சத்தம். இனிமேல் கேட்க மாட்டோம் என்று நினைத்த சத்தம். குடையைப் பிடித்தபடியே நின்றேன். அவர் எழுந்து வந்து குடையை என் கையிலிருந்து வாங்கி மடக்கி வைத்தார்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது கெட்டுப்போனால் உடனே நானே ஒரு முடிவு எடுத்து, நானே செய்து, நானே சரி என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கும் கை பரபரத்தது. எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், பாவம் வந்தால் எனக்கு வரட்டும், அம்பாளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று இழைப்புளி பக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். நீட்டின கையைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. இப்போதும் நான்தான் முடிவெடுக்கிறேன். மேஜை யாருடையது?

மாடி ஏறினேன். கதவுக்கு முன்னால் நின்று, என்ன வார்த்தை சொல்வது என்று தேடினேன். கவுண்டரில் ஒரு நாளும் எனக்கு வார்த்தைப் பஞ்சம் வந்ததில்லை.

"ஸ்மிதா, நீ திறக்க வேண்டாம். கேட்டா போதும். இப்ப எல்லாத்தையும் எடுத்துடலாம், இல்ல நாளைக்கு வரைக்கும் அப்படியே இருக்கலாம். எனக்குத் தெரியலை. உன் மேஜை. நீ என்ன சொல்றியோ அதைப் பண்றேன்."

திரும்பிப் போகலாமா என்று நினைத்தபோது குரல் வந்தது.

"எடுக்காதே."

"நிஜமாவா?"

"போன வருஷம் நான் ஒண்ணும் வெக்கலை. இந்த வருஷம் வெச்சிருக்கேன். பாதியில எடுக்க வேண்டாம். நாளைக்கு என்னோடதை நானே எடுப்பேன்."

"சரிம்மா."

"குடையும் பிடிக்காதே. தெருவில பாத்தா சிரிப்பா."

"கொச்சி?"

"அம்மா, இப்ப போ."

போனேன். கொச்சிக்குப் பதில் வரவில்லை. ஆனால் சாயங்கால விளக்குக்கு அவள் இறங்கி வந்தாள். கற்பூரம் மட்டும் ஒற்றிக்கொண்டு மாடி ஏறிப் போனாள். நான் அம்பாளிடம், என் நாக்கை நீ கட்டு, என்னால் முடியவில்லை என்று வேண்டிக்கொண்டேன்.

விஜயதசமி காலை பூஜை எடுத்தோம். பச்சரிசியில் அவள் விரலால், படிப்பைத் தொடங்கிவைக்கிற ஹரிஸ்ரீயை எழுதினாள். பிறகு ஒவ்வொருவரும் அவரவர் பொருளை எடுத்தோம். அவர் ஜால்ராவை எடுத்தார், அடியில் இரண்டு வட்டம். நான் பேனாவை எடுத்தேன், அடியில் ஒரு கோடு. இழைப்புளி இருந்த இடத்தில் கைப்பிடி உள்பட ஒரு இழைப்புளி. உளிகள் வரிசையாக. ஸ்மிதா கடைசியாக ஹெட்செட்டை எடுத்தாள். மூலையில் ஒரு அரைவளையம், இரு முனையிலும் இரண்டு வட்டம். சுற்றிலும் ஞாவல்பழ நிறம், அது மட்டும் பழுப்பு.

வேதமாணிக்கம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேசிக்கொண்டு வந்தார். பலகையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "கர்த்தாவே! இதென்ன எக்சிபிஷனா? பாப்பா, நீ வெசனப்படாத. ரெண்டே இழுப்பு, எல்லாம் ஓடிப்போவும்." இழைப்புளியைக் கையில் எடுத்துக் கட்டையைத் தட்டி அலகைச் சரிசெய்தார்.

"வேண்டாம் மேஸ்திரி" என்றாள் ஸ்மிதா.

"என்னது?"

"இப்படியே எண்ணெய் போட்டு மேல ஏத்துங்கோ."

"எம்பேரு போயிரும்லா! பாக்குறவங்க எல்லாம் வேதமாணிக்கம் ஆயுதத்த மறந்து வச்சிட்டுப் போனான்னு சொல்லுவாங்க."

அவள் பலகையைச் சுற்றி வந்தாள். ஜால்ரா வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "அப்பா, உங்க ஜால்ரா என் டேபிள்ல உக்காந்திருக்கு."

"நல்லதாப்போச்சு. தூக்கம் வந்தா தட்டிக்கோ" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "ராத்திரியெல்லாம் தனியாத்தான் உக்காந்திருக்கணும். துணைக்கு இருக்கட்டும். வெயில் பட்டா கொஞ்சம் கொஞ்சமாத் தானே மாறிடும், இல்லையா மேஸ்திரி?"

"மாறும். நாளு பிடிக்கும்."

"பிடிக்கட்டும்" என்றாள். "எனக்கும் நாள் பிடிச்சுதே."

எதைச் சொன்னாலும் அழுதுவிடுவேன் என்று தெரியும். சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் பலகை மாடி ஏறியது. சாயங்காலம் அவள் படம் எடுத்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது, ஒப்புக்கொண்டாயிற்று என்று ஒரே வரி. மேஜையில் இருக்கிற இழைப்புளியையோ உளியையோ பற்றி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் என் உயிர் போய் உயிர் வந்திருக்கிறது, இவர்களுக்குக் கண்ணே இல்லையா என்று எனக்குக் கோபமாக வந்தது.

மறுநாள் சாயங்காலம் மாடியிலிருந்து, "குட் மார்னிங், திஸ் இஸ் ஸ்மிதா" என்று குரல் கேட்டது. இங்கே விளக்கு வைக்கிற நேரம், அங்கே காலை. நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு எழவும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் ஸ்டெடியாக இருந்தது, யாரையோ பதறாமல் இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கொச்சிப் பேச்சு அதற்கப்புறம் எழவில்லை, நானும் எழுப்பவில்லை.

அந்த அறைக்குள் காலையில் நான் பெருக்கித் துடைக்கப் போகலாம், அவ்வளவுதான் அனுமதி. தூசி தட்டலாம், இடம் மாற்றக் கூடாது. அவள் பக்கத்து அறையில் தூங்கும் நேரம் அது. கார்த்திகைக்குள் செம்பருத்தி போய்விட்டது. பிறகு பேனாக் கோடு போயிற்று, உளிகள் ஒவ்வொன்றாகப் போயின. ஜால்ரா மறைந்ததில் என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம். மார்கழி முடியும்போது இழைப்புளியும் தெரியவில்லை. பலகை முழுக்க ஒரே நிறம். எண்ணெய்ப் பளபளப்போடு பார்க்கப் பார்க்க அழகு, வேதமாணிக்கம் வந்தால் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் துடைக்கும்போது மூலையில் இருந்த ஹெட்செட்டைத் தூக்கினேன். தூக்கியிருக்கக் கூடாது. துணி அங்கே படவே இல்லையே என்று தூக்கிவிட்டேன்.

அடியில் அது இருந்தது. அரைவளையம், இரண்டு வட்டம். அன்று பார்த்தபடியே பழுப்பாக, ஓரம்கூடக் கலையாமல்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தேன். பகல் முழுக்க அந்த ஜன்னல் வெயில் இந்த மூலையில் விழுகிறது. பகல் முழுக்க ஹெட்செட் இங்கே இருக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் வேலை முடிந்து, கண் எரிய, கழற்றி வைக்கும்போது அவள் இதை அதே அடையாளத்தின் மேல், ஒரு மயிரிழை பிசகாமல் வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறாள். இத்தனை மாசமாக. மற்ற எல்லாவற்றையும் போக விட்டவள் இதை மட்டும் போக விடவில்லை. என் குழந்தை, எனக்கு வைக்க ஒன்றும் இல்லை என்று சொன்ன என் குழந்தை, வைத்த இடத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். நான் அங்கேயே நின்று, குழாயும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், அழுதேன்.

அழுது முடித்து, இருந்த இடத்தில் வைக்கப் போனால் வைக்கத் தெரியவில்லை. ஒரு பக்கம் சரியாக்கினால் மறுபக்கம் பழுப்பு எட்டிப் பார்க்கிறது. குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"அம்மா."

அறை வாசலில் ஸ்மிதா, தலை கலைந்து, தூக்கக் கண்ணோடு.

"நான் ஒண்ணும் தொடலை" என்றேன், கையில் ஹெட்செட்டோடு.

அவள் உள்ளே வந்தாள். என் கையிலிருந்து வாங்கி, பார்க்காமலேயே கீழே வைத்தாள். அடையாளம் முழுசாக மறைந்தது.

"இப்படித்தான், கேட்டியா?" என்றாள். "காப்பி இருக்கா?"

"டிகாக்ஷன் இறங்கியிருக்கு."

அவள் கீழே இறங்கிப் போனாள். கதவை அவள் சாத்தவில்லை. நான் துணியை எடுத்து, அந்த மூலையை விட்டுவிட்டு மீதி மேஜையைத் துடைத்தேன்.